மேல்காட்டு வெள்ளைக் கதிர்

மகளுடைய பொருள்களை எல்லாம் எரித்துவிட்டுத்தான் பூவாத்தாள் மலை ஏறினாள்.

பாய், தலையணை, காலேஜுக்குக் கட்டிப்போன சேலைகள், புத்தகங்கள், கண்ணாடி வளையல்கள். வளையல் எரியாது அக்கா என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிப் பார்த்தாள். பூவாத்தாள் அதையும் தீயில்தான் போட்டாள். காய்ச்சல் என்று படுத்த பெண், அடுத்த சந்தை நாள் வருமுன் போய்விட்டாள். வீட்டுக்காரர் வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்தவர். கரும்புக் காட்டைக் கொழுந்தன் வசம் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு நெடுங்குன்று மலைமேல் இருந்த மடத்துக்கு வந்தாள்.

மடம் என்றால் கோபுரமும் மண்டபமும் கிடையாது. ஓடு வேய்ந்த நீளமான ஒரு கட்டடம், ஒரு சுனை, சரிவில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு துண்டு நிலம். மலையேறி வருகிற யாருக்கும் அங்கே கோதுமைக் கஞ்சி உண்டு. மழை பிடித்துப் பாதை அடைபடும் மாதங்களில் பக்கத்துக் கொம்பைக்காட்டு ஊருக்கும் அந்தக் கஞ்சிதான் துணை.

மடத்தை நடத்தியவள் உமையம்மை. வயதில் பூவாத்தாளைவிட ரொம்பச் சின்னவள்; மகள் என்று சொல்ல முடியாவிட்டாலும் கடைசித் தங்கை என்று சொல்லலாம். ஏர் பிடிப்பதும் அவள்தான். பெண்பிள்ளை கலப்பையில் கை வைக்கிறாளே என்று ஊர் ஒரு காலத்தில் வாயில் அடித்துக்கொண்டது, பிறகு பழகிவிட்டது. பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் வரும், சில சமயம் அதுவும் தாமதமாக வரும்.

பூவாத்தாள் வந்த புதிதில் யாரோடும் பேசவில்லை. பாத்திரம் துலக்கினாள், கஞ்சி கிளறினாள். பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவாள். இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை.

கோதுமை அறுப்புக்கு நின்ற பருவத்தில் ஒரு காலை, உமையம்மை வரப்பில் நின்று கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் அருகே போய் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க."

"மறக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

எதை என்று உமையம்மை கேட்கவில்லை.

"அறுப்பு முடியட்டும்," என்றாள்.

அறுப்பு முடிந்தது. கதிர் களத்துக்குப் போனது. நிலத்தில் அறுத்த பயிரின் அடித்தாளும், கதிரடித்துப் போட்ட வைக்கோலும் மிஞ்சின. உமையம்மை அவளை அழைத்துப் போய் நிலத்தைக் காட்டினாள்.

"மேல்காடு உங்களுது. கீழ்காடு என்னுது. உங்க இஷ்டப்படி பயிர் வைங்க."

"நான் கேட்டது வேறங்கம்மா..."

"ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டு உமையம்மை வரப்பில் நடந்தாள். பூவாத்தாளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் நிலம் என்று கைக்கு வந்தபின் கை சும்மா இருக்கவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மண்ணில் கிடந்தவள் அவள். கரும்பு வெட்டி முடிந்த மறுநாளே காட்டில் கிடக்கும் காய்ந்த சோகைக்குத் தீ வைப்பது அவள் ஊர் வழக்கம். காடு சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் அவளுக்குத் தெரிந்த விவசாயத்தின் முதல் பாடம்.

மேல்காட்டில் வைக்கோலைப் பரப்பித் தீ வைத்தாள்.

மலைக்காற்று தீயை வாரிக்கொண்டு போனது. தாள் படபடவென்று வெடித்தது. பூவாத்தாள் முகத்தில் சூடு அடிக்க அடிக்க விலகாமல் நின்றாள். எல்லாம் அடங்கியபோது மேல்காடு கரிய பலகைபோலக் கிடந்தது. ஒரு துரும்பு இல்லை. நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கினதுபோல இருந்தது அவளுக்கு. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

கீழ்காட்டில் உமையம்மை வேறு வேலையில் இருந்தாள். வைக்கோலை அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கினாள், நிலம் முழுக்கப் பரப்பினாள், சாணத்தைக் கரைத்து அதன்மேல் தெளித்தாள், பிறகு மாட்டைப் பூட்டி அத்தனையையும் மண்ணுக்குள் மடக்கி உழுதாள். நாள் கணக்கில் நடந்த வேலை அது. தோளெல்லாம் வீங்கிவிட்டது.

பூவாத்தாள் வரப்பில் நின்று பார்த்தாள். மனசு பொறுக்கவில்லை.

"ஒரு தீக்குச்சி போதுமேங்கம்மா. எதுக்கு இத்தனை பாடு?"

"போதும்தான்," என்று சொல்லிவிட்டு உமையம்மை மாட்டைத் தட்டினாள்.

வைகாசியில் மழை எட்டிப் பார்த்தது. பூவாத்தாள் மேல்காட்டை ஆள் வைத்து உழுது, மறுபடியும் கோதுமை விதைத்தாள். உமையம்மை கீழ்காட்டில் பட்டாணி விதைத்தாள்.

சாம்பல் விழுந்த மண்ணில் கோதுமை கிடுகிடுவென்று கிளம்பியது. பார்த்தவர்கள் எல்லாம், புது ஆள் கை ராசியான கை என்றார்கள். கீழே பட்டாணியும் மோசமில்லை. முதலில் மந்தமாக இருந்தாலும் பிறகு கொடி பின்னிக்கொண்டு, ஆடி மாதம் நிலமே வெள்ளைப் பூவாக நின்றது.

அந்த வருஷம் கொம்பைக்காட்டில் பூண்டு அழுகிப் போயிருந்தது. பூண்டுதான் அந்த ஊருக்குச் சோறு. பெண்கள் மடத்துக்கு வந்து சுனையோரம் உட்கார்ந்து புலம்பினார்கள். செல்லாயி என்ற பெண், இடுப்பில் பிள்ளையோடு, "அடுப்பு எரியற நாளை விரல் விட்டு எண்ணிரலாம் அக்கா," என்றாள்.

பூவாத்தாள் கீழ்காட்டைக் காட்டினாள். "பூ பூத்துருச்சு பாரு. காய் பிடிக்க எத்தனை நாள் ஆகும்? எல்லாரும் கூடையோட வந்து பறிச்சுக்கங்க. நான் சொல்றேன்."

பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்து அவள் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். கீழ்காட்டுப் பக்கம் மாட்டு மணி கேட்டது. திரும்பிப் பார்த்தவள் குடத்தைக் கீழே போட்டாள்.

உமையம்மை பூத்து நிற்கும் பட்டாணிக்கு நடுவே ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாள். கொடி அறுந்து, பூவோடும் பிஞ்சோடும் புரண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. பாதி நிலம் அதற்குள் வெறும் மண்ணாகிவிட்டது.

பூவாத்தாள் ஓடினாள். சேறு தெறிக்க, முந்தானை அவிழ, மாட்டுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். மாடு மிரண்டு நின்றது.

"என்ன காரியம் பண்றீங்க! பைத்தியம் புடிச்சுருச்சா உங்களுக்கு?"

உமையம்மை கலப்பையை விட்டுக் கை எடுக்கவில்லை.

"விலகுங்க, பூவம்மா."

"மாட்டேன். இது சோறுங்க! அந்தப் பொம்பளைங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்!"

"சோறுதான்."

"அப்புறம்?"

"யாருக்குங்கறதுதான் கேள்வி," என்றாள் உமையம்மை.

அவள் மாட்டை ஒரு பக்கமாக ஒடித்து, பூவாத்தாளைச் சுற்றிக்கொண்டு போனாள். பூவாத்தாள் நின்ற இடத்தில் மட்டும் ஒரு பிடி கொடி தப்பியது. இந்த அம்மாவை நம்பியா மலை ஏறினோம் என்று நினைத்தாள். தின்னுகிற பண்டத்தை உயிரோடு மண்ணில் போட்டு மூட ஒரு மனுசிக்கு எப்படி மனசு வரும்? அன்றே பையைக் கட்டினாள். மேல்காட்டுக் கோதுமை கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுப்போக முடியாமல் பையை அவிழ்த்தாள்.

செல்லாயி கூடையோடு வந்து, வெறும் மண்ணைப் பார்த்துத் திகைத்து நின்றதை அவள் பார்க்க வேண்டியிருந்தது. அது அவளை ரொம்ப நாள் குத்தியது.

புரட்டாசியில் மேல்காடு நன்றாகவே விளைந்தது. தன் கோதுமையைத் தானே அளந்து கொம்பைக்காட்டுப் பெண்களுக்குக் கொடுத்தாள் பூவாத்தாள். கொடுக்கும்போது உமையம்மை கேட்கும்படி சொன்னாள்.

"வாங்கிக்க, செல்லாயி. இந்தக் காடு குடுக்கற காடு."

உமையம்மை மூட்டையைத் தூக்கிவிடக் கை கொடுத்தாள்.

பூவாத்தாள் மறுபடியும் தாளை எரித்தாள். ஐப்பசியில் மறுபடியும் கோதுமை விதைத்தாள். இந்த முறை கீழ்காட்டிலும் கோதுமைதான் விழுந்தது. இரண்டு காடும் ஒன்றுபோலப் பச்சை கட்டின. மார்கழிப் பனியில் மேல்காடு கொஞ்சம் சோர்ந்ததுபோலத் தெரிந்தது. பனிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாசி பிறந்தது. ஒரு காலை வரப்பேறிப் பார்த்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழ்காடு இன்னும் பச்சை மாறாமல் நிற்க, மேல்காட்டில் திட்டுத் திட்டாகக் கதிர் வெளுத்திருந்தது. சில நாளில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெயிலில் பார்த்தால் காடு முழுக்க வெள்ளி உருக்கி ஊற்றினதுபோல மின்னியது.

"முந்திப் பழுத்துருச்சுங்கம்மா!" என்று உமையம்மையிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "உங்க காட்டுக்கு முந்தி என்னுது பழுத்துருச்சு!"

உமையம்மை அண்ணாந்து மேல்காட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அறுப்புக்கு ஆள் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சுங்க. நாளைக்கு வர்றாங்க."

"நானும் வர்றேன்," என்றாள்.

மறுநாள் கொம்பைக்காட்டுப் பெண்கள் அரிவாளோடு வந்தார்கள். செல்லாயி பிள்ளையை மர நிழலில் கிடத்திவிட்டு முதல் ஆளாகக் காட்டில் இறங்கினாள். ஒரு கைப்பிடி சேர்த்து அறுத்தாள். அறுத்ததைத் தூக்கிப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னடி நின்னுட்ட?"

"அக்கா," என்றாள் செல்லாயி, தயங்கித் தயங்கி. "கதிர் கையில கனக்கவே இல்லீங்களே."

பூவாத்தாள் சிரித்தாள். "காஞ்ச கதிர், அப்படித்தான் இருக்கும்." ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். ஊதினாள்.

உமி பறந்தது. உள்ளங்கை வெறுமையாக இருந்தது.

அவள் இன்னொரு கதிரைக் கசக்கினாள். ஊதினாள். கையில் ஒன்றும் இல்லை. காட்டுக்குள் இறங்கி ஓடினாள். அங்கே ஒன்று ஒடித்தாள், இங்கே ஒன்று ஒடித்தாள். கை கசக்கக் கசக்கப் பதர்தான் பறந்தது. ஒரு கதிரில், மெலிந்து சுருங்கிய ஒரே மணி, சீரகம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள்.

"இது எப்படி... இது எப்படி..." என்று பூவாத்தாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு குத்தைப் பிடித்து இழுத்தாள். பலமாகத்தான் இழுத்தாள். அத்தனை பலம் தேவைப்படவில்லை. தண்ணீரில் ஊன்றிய குச்சிபோலச் செடி கையோடு வந்தது. அவள் தடுமாறிப் பின்னால் விழுந்தாள். கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். வேர் என்று ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கரிய முடிச்சுகள் இருந்தன. தாரில் முக்கி எடுத்தது மாதிரி, அழுகி, தொட்டால் உதிர்கிற கறுப்பு.

உமையம்மை வந்து எதிரே குந்தினாள். அந்த வேரைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எப்ப பிடிச்சது இது?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"ரொம்ப நாளாச்சு. போன வெள்ளாமையிலயே இருந்திருக்கும். கோதுமை வேர்தான் இதுக்குத் தீனி. நீங்க மேல மேல கோதுமையே வச்சீங்க. அது உள்ளயே இருந்து வளர்ந்துருச்சு."

"உள்ள ஒண்ணும் இல்லீங்களே! நான்தான் எரிச்சேனே!" பூவாத்தாள் குரல் உயர்ந்தது. "அம்மா, நீங்க பாத்தீங்களே, ஒரு துரும்பு விடாம எரிச்சேனே! ரெண்டு தடவையும் எரிச்சேனே! எல்லாத்தையும் எரிச்சேன். பாயை எரிச்சேன். சேலையெல்லாம் எரிச்சேன். அவ பொஸ்தகம், அவ தலையணை, வளையலைக்கூட விடலீங்களே நான், அதையும் தூக்கித் தீயிலதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்கள் மட்டும் பயந்து விரிந்து உமையம்மையைப் பார்த்தன.

உமையம்மை அந்தக் கறுத்த வேரை அவள் மடியில் வைத்தாள்.

"மேல இருந்ததைத்தான் எரிச்சீங்க," என்றாள்.

காடு முழுக்க வெள்ளைக் கதிர் காற்றில் சரசரத்தது. எடையில்லாத சத்தம்.

செல்லாயிதான் அருகில் வந்தாள். பிள்ளையைத் தூக்கி வந்திருந்தாள். பூவாத்தாள் பக்கத்தில், கட்டாந்தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பொண்ணு பேரென்னக்கா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எழுந்து போகிறவள் பூவாத்தாள். கால் எழவில்லை.

"மரகதம்," என்றாள்.

அன்றைக்கு அறுப்பு இல்லை. பெண்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்கள். பங்குனியில் கீழ்காடு பழுத்தபோது மறுபடி வந்தார்கள். மூட்டையை இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடிந்தது. அந்த மழைக்கு ஊரும் மடமும் கீழ்காட்டுக் கோதுமையில்தான் கஞ்சி குடித்தன. போன ஆடியில் புரண்டு போன வெள்ளைப் பூக்களைப் பூவாத்தாள் அப்போது நினைத்துக்கொண்டாள்.

மேல்காடு அறுக்கப்படாமலே நின்றது. வெள்ளைக் கதிரில் பனி பட்டு, கறுத்துச் சாயத் தொடங்கியது. ஒரு காலை உமையம்மை கலப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"மடக்கி உழுதுரலாம்."

பூவாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதையா? நோய் புடிச்சதையா? மறுபடி உள்ளயே வைக்கச் சொல்றீங்களா?"

"வெளிய எங்க வைக்கப் போறீங்க?"

பூவாத்தாள் சாய்ந்து கிடந்த கதிர்களைப் பார்த்தாள்.

"மண்ணு மக்க வச்சுரும்," என்றாள் உமையம்மை. "ஆனா இந்த வெள்ளாமைக்கு மேல்காட்டுல கோதுமை வேணாம். பட்டாணி வைங்க. பட்டாணி வேரை அந்த நோய் தீண்டாது. தீனி இல்லாம, தங்க இடமும் இல்லாம, தானா அடங்கும்."

"ஏர் நீங்க பிடிக்கறீங்களா?"

"நான் மாட்டைப் பிடிக்கறேன்."

பூவாத்தாள் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று கலப்பையைத் தொட்டாள். முதல் உழவுச் சாலில் ஒன்றும் பேசவில்லை. கலப்பைக் கொழு ஆழ இறங்காமல் கோணிக் கோணிப் போனது. இரண்டாவது சாலில், எதற்கென்று தெரியாமல், மரகதத்துக்குச் சின்ன வயதில் மாடு என்றால் எத்தனை பயம் என்று சொன்னாள். அடுத்த சாலில், அந்தப் பயத்தில் அவள் கரும்புக்குள் ஒளிந்துகொள்ள, ஊரே தேடியதைச் சொன்னாள். அதற்கடுத்த சாலில் அந்தக் காய்ச்சலைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், தண்ணி குடும்மா என்று மகள் கேட்டதையும், டாக்டர் கூடாது என்றதால் கொடுக்காமல் இருந்துவிட்டதையும் சொன்னாள். செத்த தாள் அவள் காலுக்கு முன்னே புரண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. உமையம்மை முன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் பூவாத்தாளால் சொல்ல முடிந்தது.

மேல்காட்டில் பட்டாணி விதைத்தார்கள். ஆடியில் அது பூத்தபோது பூவாத்தாளே ஏர் பூட்டி அதை மடக்கி உழுதாள். ஐப்பசியில் கோதுமை விழுந்தது. பங்குனியில் கதிர் கனத்துத் தலை சாய்ந்தது. கொம்பைக்காடே திரண்டு வந்து அறுத்தது. செல்லாயி ஒரு கதிரைக் கசக்கி ஊதி, உள்ளங்கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். அதை ஊரே பார்த்தது.

அதற்கெல்லாம் முன்னால், பட்டாணி முளைத்த சில வாரத்தில், ஒரு காலை இருந்தது. அதை இரண்டு பேர்தான் பார்த்தார்கள்.

அந்த நாள்களில் பூவாத்தாள் நன்றாக இல்லை. மகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து உடம்பு விழுந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. கஞ்சியில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு, குடித்தவர்கள் முகம் சுளித்த பிறகுதான் தெரிந்துகொண்டாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே இருப்பாள், திடீரென்று அழுகை வெடிக்கும். மலைக்கு வந்த புதிதில் கல்லாக இருந்தோமே, அதுவே தேவலையாக இருந்ததே என்று தோன்றும்.

அன்று மேல்காட்டைப் பார்க்கப் போனவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். உமையம்மை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்து பாருங்கம்மா. வந்து பாருங்க. எல்லாம் போச்சு."

பட்டாணி முளைத்துத்தான் இருந்தது. ஆனால் விரல் உயரத்துக்குமேல் எழவில்லை. இலையெல்லாம் வெளுத்து, மஞ்சள் பாய்ந்து, நோயாளிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்!" பூவாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நறுக்கிப் போட்டேன், சாணி கரைச்சு ஊத்தினேன், மடக்கி உழுதேன். எரிச்சப்பகூட முளைப்பு நல்லா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. இதுக்கா நான் எல்லாத்தையும் உள்ள வச்சேன்? முன்னைவிட மோசமாப் போச்சுங்கம்மா. எனக்கும் அப்படித்தான் போகுது. மோசமாத்தான் போகுது."

உமையம்மை குந்தினாள். இரண்டு செடிக்கு நடுவே விரலைவிட்டுத் தோண்டி, ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டினாள்.

"கிட்ட வாங்க."

பூவாத்தாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். அழுகல் நாற்றம் அடிக்கும் என்று நினைத்திருந்தாள். மழை விழுந்த முதல் நாள் வாசனை அடித்தது. மண்ணுக்குள் தாள் துண்டுகள் பாதி கரைந்து, விரலில் பட்டதும் பஞ்சாகக் குழைந்தன. அவற்றைச் சுற்றி நூலாம்படைபோல வெள்ளை இழைகள் ஓடின. ஒரு மண்புழு நெளிந்து அவள் உள்ளங்கைக்கு இறங்கியது. அவள் திடுக்கிட்டாள், ஆனால் உதறவில்லை.

"என்ன நடக்குது உள்ள?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"சாப்பிட்டுட்டு இருக்கு."

"எது?"

"மண்ணு. நீங்க போட்டதெல்லாம் அதுக்குப் பெரிய சாப்பாடு. செரிக்கறதுக்கு, இருக்கற சத்தையெல்லாம் தனக்கே இழுத்துக்கும். பயிருக்கு இப்ப ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப பயிர் வெளுத்துத்தான் கிடக்குமா?"

"கொஞ்ச நாளைக்கு."

"செத்துப் போயிராதா?"

உமையம்மை ஒரு செடியின் அடியில் மண்ணை விலக்கினாள். வேர் வெள்ளையாக இருந்தது. அதில், பயறு வேரில் சத்துச் சேர்க்கும் முண்டுகள், கடுகு மாதிரி ஒன்றிரண்டு தலைகாட்டியிருந்தன. அதைக் காட்டிவிட்டு மண்ணை மறுபடி அணைத்தாள்.

"எப்ப திருப்பிக் குடுக்கும்?"

"செரிச்ச பிறகு."

"எத்தனை நாள்னு சொல்லுங்களேன்."

"அதை மண்ணுதான் சொல்லணும்."

பூவாத்தாள் மஞ்சள் இலைகளைப் பார்த்தாள். கையில் இருந்த புழு விரல் இடுக்கு வழியே மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. அதை மெதுவாக இறக்கிவிட்டாள்.

"அதுவரைக்கும் நான் என்னங்கம்மா பண்றது?"

உமையம்மை தோண்டிய குழியைக் கையால் மூடினாள். எழுந்திருக்கவில்லை. நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

"கூட இருங்க," என்றாள்.